குறுக்கெழுத்துக்குள் ஒரு நொடி

நேயர்களே, இலக்கிய நிகழ்ச்சியொன்றிலே குறுக்கெழுத்துக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால், ஒரு சொல்லைக் கொடுத்து அதே பொருளுடைய இன்னொரு சொல்லைக் கேட்கும் சாதாரண வகையை நான் இங்கு பேசவில்லை. விடையைக் குறிப்புக்குள்ளேயே ஒளித்து வைக்கும் இன்னொரு வகை இருக்கிறது. அதிலே குறிப்பின் ஒரு பாதி விடையின் பொருளைச் சொல்லும். மறுபாதி அந்தச் சொல்லை எழுத்தெழுத்தாகக் கட்டும் வழியைச் சொல்லும். இரண்டும் சேர்ந்து, சம்பந்தமில்லாத மூன்றாவது விடயமொன்றைப் பேசுவதுபோலப் பாவனை செய்யும். எங்கள் பக்கத்திலே நாம் நொடி என்கிறோமே, அதற்கு இது நெருங்கிய உறவு.

உறவு பழையதுதான். தொல்காப்பியர் செய்யுளியலிலே பிசி என்ற பெயரில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். தண்டியலங்காரம் வகுத்த சித்திரகவிகளுள் கரந்துறைச் செய்யுளும் அக்கரச்சுதகமும் எழுத்தை ஒளிப்பதும் உதிர்ப்பதும் அன்றி வேறென்ன? காளமேகப் புலவரின் சிலேடைகளை யாவரும் அறிவர். முஸ்லிம் வீடுகளில் ஓதப்பட்ட நூறு மசலாவோ, இளவரசி ஒருத்தி போடும் புதிர்களை அவிழ்ப்பவனின் கதை. ஆகவே, 1913 டிசம்பர் 21இல் ஆர்தர் வின் என்பவர் நியூயோர்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதற் குறுக்கெழுத்தை வெளியிட்டதும், பின்னர் இங்கிலாந்தில் அது சங்கேத வகையாக வளர்ந்ததும் நமக்கு முற்றிலும் அந்நியமான சங்கதிகளல்ல.

கேள்வி இதுதான்: இத்தகைய புதிரைப் போடுபவர் அதன் கடினத்தை எப்படிக் கூட்டுகிறார், எப்படிக் குறைக்கிறார்?

அரிய சொல்லைத் தேடிப் போட்டால் கடினமாகிவிடும் என்பது பலரது எண்ணம். நிகண்டிலிருந்து யாரும் அறியாத ஒரு சொல்லைப் பெயர்த்தெடுத்துக் கட்டத்தில் வைப்பது சுலபம். வாசிகசாலையிலே பத்திரிகையை விரித்துப் பென்சிலோடு அமரும் பையன், அப்படியான மூன்று குறிப்புகளைக் கண்டதும் "நம்மட தமிழ் காணாது" என்று எழுந்து போய்விடுவான். புதிர் போட்டவருக்கு அவன் தோற்றதாகத் தோன்றும். உண்மையிலே அங்கு விளையாட்டே நடக்கவில்லை.

எங்கள் ஊர் ஓட்டமாவடிக்கு அடையாளமே ஒரு பாலம்தான். 2010இல் புதிய பாலம் திறக்கப்படும் வரை புகையிரதமும் பஸ்ஸும் மாட்டுவண்டியும் அந்த ஒரே இரும்புப் பாலத்தில்தான் மாறிமாறிப் போய்வந்தன. அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பாலம்: மூன்றெழுத்து. இதைவிடச் சாதாரணமான சொல் கிடையாது.

முதலில் வெறும் குறிப்பு: 'ஆற்றைக் கடக்க உதவுவது (3)'. மிகவும் சுலபம்போலத் தெரிகிறது. ஆனால் படகும் மூன்றெழுத்து, ஓடமும் மூன்றெழுத்து. குறுக்கே வரும் எழுத்துகள் கைகொடுக்காவிட்டால் எதை எழுதுவது? திருவுளச்சீட்டுப் போட வேண்டியதுதான். பரிசுப் போட்டிகள் சில இந்தப் பலவீனத்தையே முதலாக்கின. 1930களில் எஸ். எஸ். வாசனின் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டிகள் நடத்திய காலத்திலிருந்தே பரிசும் புதிரும் கைகோத்து நடந்தன. பொருந்தக்கூடிய இரண்டு மூன்று சொற்களில் ஆசிரியர் மனதில் வைத்திருப்பது எதுவென்று ஊகிப்பதே சில இடங்களில் போட்டியாகிவிட்டது. இந்தியாவில் 1955இல் பரிசுப் போட்டிகளைக் கட்டுப்படுத்தச் சட்டமே வந்தது. 1957இல் உச்ச நீதிமன்றம் அதற்கு வகுத்த எல்லை நமக்கும் பயன்படும்: திறமையால் வெல்லும் போட்டி வேறு, அதிர்ஷ்டத்தால் வெல்லும் சூது வேறு. நல்ல புதிரிலே வழி எவ்வளவு சுற்றியும் போகலாம். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு, 'இதுதான்' என்று அவிழ்ப்பவருக்குத் தானாகவே தெரியவேண்டும்.

இப்போது அதே பாலத்துக்கு வேறு குறிப்பு: 'பலம் நீண்டால் ஆற்றைக் கடக்கலாம் (3)'. பலம் என்பதன் முதற் குறிலை நெடிலாக்கினால் பாலம். நமது அணியிலக்கணகாரர் மாத்திரை வருத்தனம் என்று பெயரிட்ட வித்தை. படகும் ஓடமும் இப்போது தாமாகவே கழன்றுவிட்டன. ஒரு பிள்ளைகூட இதை அவிழ்க்கும்.

ஒரு படி ஏற்றுவோம்: 'வலிமை நீண்டால் ஆற்றைக் கடக்கலாம்'. இப்போது சக்தியா, வலுவா, திறனா, பலமா என்று முதலில் தேடவேண்டும், பிறகுதான் நீட்டவேண்டும். வேலை இரண்டாகிவிட்டது.

இன்னும் ஒரு படி: 'வலிமை தலைநீட்ட, பிரிந்த இரண்டையும் சேர்த்துவைப்பது'. ஆறும் மறைந்துவிட்டது. கேட்பவரின் மனம் காதிக் கோட்டுக்கோ, மூத்த மாமாவின் சமரசத்துக்கோ ஓடிவிடும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: 'இருவரையும்' என்று நான் சொல்லவில்லை, 'இரண்டையும்' என்றுதான் சொன்னேன். கரைகள் அஃறிணை. 'இருவரையும்' என்றிருந்தால் மயக்கம் இன்னும் நன்றாக வேலை செய்திருக்கும். ஆனால் அது பொய்யாகிவிடும். கேட்பவரைத் தவறாக எண்ணவைக்கலாம், தவறானதைச் சொல்லக்கூடாது. இங்கிலாந்தின் ஒப்சேர்வர் பத்திரிகையில் ஸிமினீஸ் என்ற புனைபெயரில் புதிர் போட்ட மக்னட், 1966இல் வெளியிட்ட நூலிலே வற்புறுத்தியதும் இந்த நேர்மையைத்தான். அவருக்கு முன்னர் அங்கு புதிர் போட்டவரின் புனைபெயர் டோர்க்கமாடா. இரண்டுமே ஸ்பெயினின் மதவிசாரணை அதிகாரிகளின் பெயர்கள்! சித்திரவதையிலும் ஒரு சட்டம் வேண்டுமென்று இரண்டாமவர் நினைத்தார் போலும்.

ஆங்கிலத்திலே இவர்கள் கையாண்ட உபாயங்கள் எல்லாம் தமிழுக்குச் சரிவராது. எழுத்துகளைக் கலைத்துப்போடும் உத்தி அங்கே பெரும் ஆயுதம். தமிழிலே பாலத்தின் மூன்றெழுத்தைக் கலைத்தால் ஆறு வரிசைதான். மெய்யில் சொல் தொடங்காது என்பதால் இரண்டு உடனே விழுந்துவிடும். மிச்சம் நான்கு. ஒளித்துவைப்பதும் அப்படியே. 'அந்தோணியார் மறைத்த படகு (2)' என்றால், அந்தோணியாருக்குள்ளே தோணி அப்பட்டமாகத் தெரிகிறது. இரு சொற்களுக்கிடையில் பிரித்து மறைப்போமென்றால், ணகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்குவதில்லை. வாவிக்கு அந்தத் தடையில்லை: 'அவா விடாத உள்ளத்தில் மீன் பாடும் இடம் (2)'. அவாவின் வாலிலும் விடாதவின் தலையிலுமாக வாவி படுத்திருக்கிறது. இன்னொன்று, குறுக்கே ஓரெழுத்துக் கிடைத்தால் ஆங்கிலத்தில் அது 26இல் ஒன்று. நமக்கு 247இல் ஒன்று. ஆகவே தமிழ்க் கட்டத்தில் ஒரு சொல் விழுந்தால் பக்கத்துச் சொற்கள் வேகமாகச் சரியும். புதிர் போடுபவர் அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்: கடினமான குறிப்பின் குறுக்கே சுலபமான ஒன்றை ஓடவிட்டால், அது ஒரு கைவிளக்கு.

இத்தனையும் செய்தாலும், கடினம் முழுவதும் போடுபவர் கையில் இல்லை. 'வீதி நீரில் மிதக்கிறது (2)' என்றொரு குறிப்பைச் சொல்கிறேன். குருக்கள்மடத்திலோ மண்டூரிலோ இதைக் கேட்டால் சிரித்துக்கொண்டே பாதை என்பார்கள். வாவியைக் கடக்க மனிதரையும் வாகனத்தையும் ஏற்றும் மிதவைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். சென்னையில் உள்ள பண்டிதருக்கு இதை அவிழ்க்கவே முடியாது. அவருடைய தமிழ் காணாது என்று நாம் சொல்வோமா? எங்கள் பையன் தமிழகத்துச் சஞ்சிகையின் புதிரோடு மல்லுக்கட்டும்போதும் இதே நியாயம்தான்.

என் உம்மம்மா நொடி போடும்போது பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போடுவா. தண்ணீரில் பிறந்து தண்ணீரிலே சாகும் உப்பின் நொடியை எல்லாரும் அறிவீர்கள். எங்கள் முகம் சுருங்கினால், "சோத்துக்குள்ளயும் இருக்கு மனே" என்று ஒரு நூலை விடுவா. மூத்தவன் உடனே வாயைத் திறக்கப்போனால், சின்னவனுக்காக அவனை அடக்கிவைப்பா. அந்த வசதி அச்சிலே இல்லை, வானொலியிலும் இல்லை. முகம் தெரியாத ஒருவரின் முகம் எந்த இடத்தில் சுருங்கும் என்பதை முன்கூட்டியே ஊகித்து, அந்த நூலைக் குறிப்புக்குள்ளேயே வைத்துத் தைக்கவேண்டும். அந்த வேலை எனக்கு எப்போதும் கவிதை எழுதுவதைவிடச் சிரமமாகவே இருந்திருக்கிறது.

நேரம் முடிகிறது. ஒன்றை மட்டும் தந்துவிட்டுப் போகிறேன். விடையை எழுதி அனுப்பவேண்டாம். சரியா என்று என்னிடம் கேட்கவும் தேவையிராது. 'பள்ளியில் கற்றது தலை சுருங்கியதும் சுவரில் தொங்குகிறது (3)'.