வீட்டு மின்னாக்கிக்கான எரிபொருள் தேர்வு

மின்தடையின்போது வீட்டுக்கு மின்சாரம் தரும் சிறு மின்னாக்கிகள் (ஜெனரேட்டர்கள்) பெட்ரோல், டீசல், எரிவாயு ஆகியவற்றுள் ஒன்றில் இயங்குகின்றன. எரிபொருளைத் தேர்வதில் விலை மட்டும் கணக்கில்லை. புயல், வெள்ளம் வந்துபோகும் விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களில், சாலை துண்டிக்கப்பட்ட நாட்களுக்குத் தேவையான எரிபொருளை வீட்டில் பாதுகாப்பாக வைத்திருக்க முடியுமா என்பதே முதன்மையான கேள்வி.

பின்னணி

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பெய்தது. விக்கிரவாண்டி – முண்டியம்பாக்கம் இடையிலான பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் டிசம்பர் 2 அன்று ரயில்கள் நிறுத்தப்பட்டன. அரசூர் அருகே தேசிய நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து சென்னை – திருச்சி போக்குவரத்தும் தடைபட்டது.

பல வீடுகளில் உள்ள இன்வெர்ட்டர் சில மணி நேரத் தடைக்கே போதுமானது. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரியின் கொள்ளளவு 1.8 யூனிட். மூன்று மின்விசிறிகளும் நான்கு விளக்குகளும் ஓடினால் ஐந்தாறு மணி நேரத்தில் அது தீர்ந்துவிடும். மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீரும் தீரும். இன்சுலின் வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியும் நின்றுவிடும்.

எரிபொருள் வகைகள்

பெட்ரோல்: 2 முதல் 3 கேவிஏ வரையிலான கையடக்க மின்னாக்கிகளில் பெரும்பாலானவை பெட்ரோலில் ஓடுபவை. எடை குறைவு, விலையும் குறைவு. ஆனால் பெட்ரோல் எளிதில் தீப்பற்றும். எத்தனால் கலந்திருப்பதால் ஈரத்தை ஈர்க்கும். மாதக்கணக்கில் தேங்கினால் கார்புரேட்டரில் பிசின் போலப் படிந்து, தேவைப்படும் நாளில் இயந்திரம் கிளம்பாது.

டீசல்: ஒரு லிட்டரில் கிடைக்கும் மின்சாரம் பெட்ரோலைவிட அதிகம், தீப்பற்றும் அபாயம் குறைவு. இயந்திரம் கனமானது, விலை கூடியது, இரைச்சல் மிக்கது. ஆழ்துளைக் கிணற்று மோட்டாரை நீண்ட நேரம் ஓட்டும் வீடுகளுக்கும், டிராக்டருக்காக ஏற்கெனவே டீசல் வாங்கிவைக்கும் விவசாயக் குடும்பங்களுக்கும் இது பொருந்தும்.

எரிவாயு: ஆண்டுக்கணக்கில் வைத்தாலும் கெடாது. ஆனால் சமையலுக்கென வழங்கப்படும் 14.2 கிலோ சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக்கூடாது; 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வாங்க வேண்டும். எரிவாயுவுக்கென வடிவமைத்த மின்னாக்கியோ முறையான மாற்றுக்கருவியோ தேவை. காற்றைவிடக் கனமானதால், கசிந்த வாயு பள்ளத்தில் தேங்கும். அமெரிக்காவில் பல வீட்டு மின்னாக்கிகள் குழாய்வழி இயற்கை எரிவாயுவில் இயங்குகின்றன. குழாய் இணைப்பு இல்லாத வீட்டுக்கு அந்த வழி இல்லை.

முன்பு பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் மின்னாக்கிகள் பரவலாக இருந்தன. ரேஷன் மண்ணெண்ணெய் சமையலுக்கும் விளக்குக்கும் உரியது; அதை இயந்திரத்துக்கு ஊற்றுவது சட்டத்துக்குப் புறம்பானது.

இருப்புக் கணக்கு

1934ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு அல்லாத பெட்ரோலை உரிமமின்றி 30 லிட்டர் வரை வைத்திருக்கலாம். உலோகக் கலன் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படக்கூடாது. தண்ணீர்க் கேனில் பெட்ரோல் வைப்பது ஆபத்து. டீசலுக்கான வரம்பு 2,500 லிட்டர் என்பதால் வீட்டுத் தேவைக்கு அது தடையாவதில்லை.

2 கேவிஏ பெட்ரோல் மின்னாக்கி பாதிச் சுமையில் மணிக்கு ஏறத்தாழ முக்கால் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். இரவுபகலாக ஓட்டினால் நாளுக்கு 20 லிட்டர். 30 லிட்டர் இருந்தாலும் இரண்டாம் நாளே தீர்ந்துவிடும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் என ஓட்டினால் நாளுக்கு 4 லிட்டருக்குள் அடங்கும். 20 லிட்டர் ஐந்து நாள் வரும். அந்த நேரத்தில் தண்ணீர் ஏற்றி, குளிர்சாதனப் பெட்டியைக் குளிரவைத்து, இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஓரளவு மின்னேற்றிக்கொள்ளலாம். இரவு விளக்கையும் ஒரு மின்விசிறியையும் பேட்டரி தாங்கும். எனவே இன்வெர்ட்டர் உள்ள சராசரி வீட்டுக்குச் சிறிய பெட்ரோல் மின்னாக்கியே பெரும்பாலும் போதுமானது.

மோட்டார் கிளம்பும் கணத்தில் வழக்கமானதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும். மற்ற கருவிகளை நிறுத்திவிட்டே அதைப் போட வேண்டும். ஒரு குதிரைத்திறன் மோட்டாருக்கு 2 கேவிஏ போதாமல் போகலாம்.

அக்டோபரில் புதிதாக நிரப்பி, மழைக்காலம் முடிந்ததும் மிச்சப் பெட்ரோலை இருசக்கர வாகனத்தில் ஊற்றித் தீர்ப்பது நல்ல வழக்கம். புயல் எச்சரிக்கை வந்தபின் பெட்ரோல் பங்கில் வரிசைதான் மிஞ்சும்.

பாதுகாப்பு

எந்த எரிபொருளானாலும் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு நிறமும் மணமும் இல்லை. உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். மழைக்குப் பயந்து மின்னாக்கியைத் தாழ்வாரத்திலோ மாடிப்படிக்கு அடியிலோ வைப்பதுதான் புயல்நாளில் நேரும் பெரும் தவறு. சன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, நாற்புறமும் திறந்த கொட்டகையில், வெள்ளம் எட்டாத மேடையில் அது இருக்க வேண்டும். இயந்திரம் ஆறிய பிறகே எரிபொருள் ஊற்ற வேண்டும்.

வீட்டு இணைப்பில் மாற்றுச் சுவிட்ச் இல்லாமல் மின்னாக்கியைச் செருகினால், மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பிப் பாயும். அறுந்த கம்பியைச் சரிசெய்ய வரும் மின்வாரிய ஊழியரின் உயிருக்கு அது ஆபத்தாகும்.