மின் கணக்கும் மறுமைக் கணக்கும்

வாடகை வீட்டில் வாழும் குடும்பங்களுக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை வந்து சேரும் கவலை மின்கட்டணம். வாடகை இவ்வளவு என்பது முன்னரே தெரியும். மின்கட்டணமோ, கணக்கெடுப்பவர் வந்து சென்ற பின்னரே தெரியும். தொகை திடீரெனப் பெருகிவிட்டால், வீட்டுக்காரர்மீதும் அண்டை வீட்டார்மீதும் மனம் ஐயங்கொள்ளத் தொடங்கிவிடுகிறது. எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததை வாசக சகோதரிகளின் படிப்பினைக்காக இங்கே எழுதுகிறேன்.

ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர். சிப்காட் தொழிற்பேட்டையை நம்பிப் பல பகுதிகளிலிருந்தும் வந்தவர்கள் இங்கே வாடகை வீடுகளில் வாழ்கிறார்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் ஒலிக்கும். மார்கழிக் குளிரில் சுப்ஹுக்கு ஒளூச் செய்யவே வெந்நீர் தேவைப்படும். ஆகவே கீசர் இங்கே பல வீடுகளில் அன்றாடத் தேவையாகிவிட்டது.

நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் மூன்று குடும்பங்கள். கீழே நாங்கள், பின்கட்டில் ஒரு குடும்பம், மாடியில் தெலுங்கு பேசும் ஓர் அம்மையாரும் ஆலையில் பணிபுரியும் அவர் மகனும். மூன்று வீட்டிற்கும் தனித்தனி மீட்டர். வீட்டுக்காரர் வெளியூரில் வசிப்பவர்.

2022 டிசம்பர், 2023 ஜனவரி மாதங்களுக்கான கணக்கில் எங்கள் வீட்டிற்கு 600 யூனிட் என்று வந்தது. தொகை 2750 ரூபாய். அதற்கு முந்தைய இரு மாதங்களில் 350 யூனிட்டுக்கு 900 ரூபாய்தான் கட்டியிருந்தோம். யூனிட் இரு மடங்குகூட ஆகவில்லை; பணமோ மும்மடங்கு ஆகிவிட்டது.

படியேறும் கட்டணம்

இதற்குக் காரணம் கட்டணத்தின் அமைப்பு. 2022 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த வீதப்படி, முதல் 100 யூனிட் இலவசம். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் அடுத்த 100 யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500ஐத் தாண்டினால் அந்தச் சலுகை வீதம் இல்லை. 101ஆம் யூனிட்டிலிருந்தே 4 ரூபாய் 50 காசு. இதனால் 500 யூனிட்டுக்கு 1725 ரூபாய் கட்டியவர், 501 ஆனால் 1958 ரூபாய் கட்ட நேரிட்டது. ஒரே யூனிட்டுக்கு 233 ரூபாய்! பின்னர் வீதங்கள் உயர்த்தப்பட்டுள்ளன. எனினும் பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடும் முறை அப்படியேதான் உள்ளது.

ஐயம் என்னும் நோய்

எங்கள் மனம் உடனே மாடி வீட்டை நோக்கியது. 'எங்கள் இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்களோ?' என்று என் கணவர் கேட்டார், நானும் ஆமோதித்தேன். ஐயங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்ந்துகொள்ளுமாறு திருமறை எச்சரிப்பதை நாங்கள் இருவருமே அப்போது மறந்துபோனோம். நல்ல வேளையாக, ஜமாஅத்தைச் சேர்ந்த அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் முதலில் கலந்து பேசினோம். "மனிதர்களைக் கேட்பதற்கு முன் மீட்டரைக் கேளுங்கள்" என்றார் அவர்.

அவர் காட்டிய வழி எளியது. முதலில் எங்கள் மெயின் சுவிட்சை அணைத்தோம். மீட்டரில் மின்னிக்கொண்டிருந்த சிறு சிவப்பு விளக்கு நின்றுவிட்டது. மெயினை அணைத்த பின்னும் அது மின்னினால், மீட்டருக்கும் மெயினுக்கும் இடையே வேறு எங்கோ மின்சாரம் செல்கிறது என்று பொருள். எங்கள் வீட்டில் அப்படி எதுவும் இல்லை. மாடி வீட்டார்மீது நாங்கள் கொண்ட ஐயம் அந்த ஒரு நிமிடத்தில் பொய்யாயிற்று.

அடுத்து, மெயினைப் போட்டு ஒவ்வொரு சாதனமாக இயக்கிப் பார்த்தோம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை முறை அந்த விளக்கு மின்னும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். 3200 என்றிருந்தால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 53 முறை மின்னுவது 1000 வாட்டைக் குறிக்கும். பிறகு மூன்று நாள்கள் சுப்ஹுக்கும் இஷாவுக்கும் மீட்டர் அளவைக் குறித்து வைத்தேன். இரவில் ஒரு யூனிட், பகலில் ஒன்பது! கோளாறு பகலில்தான் என்பது தெளிவாயிற்று.

வாளியில் விழுந்த பணம்

சுப்ஹுக்குப் போடும் கீசரை இரவு வரை அணைக்காமலே விடுவது அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வழக்கமாகியிருந்தது. குளியலறையில் வெந்நீர்க் குழாயின் வாஷர் தேய்ந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. கீழே வாளி இருந்ததால், 'வீணாகவில்லையே' என்று நான் பொருட்படுத்தவில்லை. வாளி நிரம்பி வழிந்தது சாக்கடைக்குத்தான் போயிற்று.

அளந்து பார்த்தோம். பத்து நிமிடத்திற்கு ஒரு லிட்டர். பதினாறு மணி நேரத்தில் 96 லிட்டர். வெளியேறிய வெந்நீருக்கு ஈடாகக் குளிர்ந்த நீர் உள்ளே புகும். கீசர் மீண்டும் மீண்டும் கொதிக்கும். அவ்வளவு நீரை 35 டிகிரி சூடேற்ற ஏறத்தாழ 4 யூனிட் வேண்டும். அறுபது நாளில் 240 யூனிட்! வாஷரை மாற்றி, தேவையான வேளையில் மட்டும் கீசரைப் போட்டதும், அடுத்த கணக்கில் 360 யூனிட்டே வந்தது. கட்டணம் 945 ரூபாய். அல்ஹம்துலில்லாஹ்.

ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்யலாகாது என்று பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பவள் நான். என் வீட்டில் நீரும் மின்சாரமும் ஒருசேர விரயமாகியிருக்கின்றன.

எங்கள்மீதிருந்த ஹக்கு

இத்துடன் விஷயம் முடியவில்லை. எங்கள் மெயினை அணைத்திருந்தபோதும் மூன்று வீட்டிற்கும் நீரேற்றும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்ததை எலக்ட்ரீஷியன் கவனித்திருந்தார். 'அது யாருடைய மீட்டரில் ஓடுகிறது?' என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. மாடி வீட்டாரின் இசைவோடு அவர்களின் மெயினை அணைத்ததும் மோட்டார் நின்றது. மாடிப்படி விளக்கும் அணைந்தது.

மூன்று குடும்பங்கள் குடித்த நீருக்கு அந்தத் தாயும் மகனும் மட்டுமே கட்டணம் செலுத்தி வந்திருக்கிறார்கள். யாரைக் களவுக்காரர் என்று நினைத்தோமோ, அவர்களின் பொருளை நாங்கள்தாம் இரண்டாண்டுகளாக, அறியாமலே, அனுபவித்திருக்கிறோம்! அளவில் குறைப்போரைக் கண்டிக்கத் திருமறையில் ஓர் அத்தியாயமே இருக்கிறது. அல்முதஃப்பிஃபீன் என்னும் அந்த 83ஆவது அத்தியாயம் அன்றிரவு என் நினைவை விட்டு அகலவில்லை.

ஒரு குதிரைத்திறன் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடினால் ஏறத்தாழ ஒரு யூனிட். இரு மாதத்திற்கு 60. எங்கள் பங்கு 20. பன்னிரண்டு தவணைகளுக்கு 240 யூனிட். பேணுதலாக உயர்ந்த வீதமான 4 ரூபாய் 50 காசுப்படியே கணக்கிட்டு, 1080 ரூபாயை எடுத்துக்கொண்டு நானும் கணவரும் மாடியேறினோம்.

"தண்ணீர் எல்லாருக்கும்தானே அம்மா, இதற்கெல்லாம் கணக்கா?" என்று அந்த அம்மையார் வாங்க மறுத்தார்கள். "இது உங்கள் பொருள். நீங்கள் வாங்கிக்கொண்டால்தான் எங்கள் சுமை இறங்கும்" என்று வற்புறுத்திய பின்னரே பெற்றுக்கொண்டார்கள். பின்கட்டுக் குடும்பமும் தன் பங்கைத் தந்தது. பொதுப் பயன்பாட்டிற்குத் தனி இணைப்புப் பெற வீட்டுக்காரரும் இசைந்தார். லிப்ட் இல்லாத, பத்து வீடுகளுக்கு மிகாத, மூன்று மாடிக்குட்பட்ட குடியிருப்புகளின் பொது இணைப்புக்கு யூனிட் 5 ரூபாய் 50 காசு எனக் கட்டணம் குறைக்கப்படும் என்று 2023 அக்டோபரில் அரசு அறிவித்தது எல்லோருக்கும் ஆறுதலாயிற்று.

வாடகை வீட்டிற்குக் குடிபுகும் சகோதரிகளே! முதல் நாளே மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் பொது விளக்கும் எந்த மீட்டரில் ஓடுகின்றன என்று பாருங்கள். மெயினை அணைத்துப் பார்ப்பது நம்மால் இயலும். ஒயரைத் தொடும் வேலையைத் தேர்ந்தவரிடமே விடுங்கள். கட்டணம் கூடினால் முதலில் நம் குளியலறையைப் பாருங்கள். அண்டை வீட்டை அல்ல.

மின்வாரியத்தின் கணக்கு இரு மாதங்களுக்கு ஒருமுறை தீர்ந்துவிடும். பிறர் ஹக்கின் கணக்கோ, உரியவரிடம் சேர்க்கும் வரை தீராது. அக்கணக்கை இவ்வுலகிலேயே நேர்செய்துகொள்ளும் நல்லுதவியை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.