கிணற்றடி மின்பெட்டிகளை இணைப்பது எப்படி?

1990ஆம் ஆண்டு ஜூன் மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களிற் பல, 2009க்குப் பின்னர் கட்டங்கட்டமாகத் தம் காணிகளுக்குத் திரும்பின. இன்னும் காணி கிடைக்காதோரும் உளர். தெல்லிப்பழையின் செம்மண்ணில் மீண்டும் வெங்காயமும் வாழையும் வைப்பதாயின், தூர்ந்த கிணற்றைத் துப்புரவாக்கி, மோட்டர் பூட்டி, மின்சாரம் எடுக்கவேண்டும். கிணற்றடியோ எப்போதும் ஈரமான இடம். அங்கே ஒரு சிறு கவலையீனமும் உயிரைக் குடிக்கும். ஆகவே, பிரதான சுவிச்சுப் பெட்டியையும் ஸ்ராட்டர் பெட்டியையும் இணைக்கும் முறைபற்றி நாம் இங்கு கூற விரும்புகிறோம்.

இரும்புப் பெட்டியின் துளையினூடாகக் கம்பியை வெறுமனே விடுதல் ஆகாது. துளையின் கூரிய விளிம்பு நாளடைவில் கம்பியின் காவலியை அறுத்துவிடும். பின்னர் பெட்டியைத் தொடுபவருக்கு மின் தாக்கும். புரி வெட்டிய நிப்பிளைத் துளையிற் செலுத்தி, ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளும் புறமும் பூட்டு நட்டினால் இறுக்கி, உள்முனையில் பிளாஸ்ரிக் புஷ் பூட்டவேண்டும்.

மலிவென்று எண்ணி அரையங்குலத் தண்ணீர்க் குழாயின் நிப்பிளைப் பாவிக்காதீர்கள். 20 மில்லிமீற்றர் மின்குழாயில் ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் இடைவெளி 1.5 மில்லிமீற்றர். தண்ணீர்க் குழாயிலோ அங்குலத்துக்கு 14 புரிகள். அதாவது இடைவெளி சுமார் 1.8 மில்லிமீற்றர். ஒன்றோடொன்று பொருந்தாது. ஓரிரு சுற்றில் இறுகியதுபோலத் தோன்றினாலும் பிடிப்பு இராது.

நட்டு அமரும் இடத்திலுள்ள பெயின்ரைச் சுரண்டிவிடுங்கள். உலோகம் உலோகத்தைத் தொடவேண்டும். ஆயினும் அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது. புரி துருப்பிடித்தால் அந்தத் தொடர்பு கெட்டுவிடும். ஆதலால் பச்சை மஞ்சள் நிறப் புவிக்கம்பியை ஒவ்வொரு பெட்டிக்கும் தனியாகத் தொடுக்கவேண்டும்.

உயிர்க்கம்பியும் நொதுமற்கம்பியும் ஒரே குழாயினூடாகவே செல்லவேண்டும். வெவ்வேறு துளைகளாற் சென்றால், அவற்றின் காந்தப்புலம் இடையிலுள்ள இரும்பைச் சூடாக்கும். பாவிக்காத துளைகளை அடைத்துவிடுங்கள். எறும்பும் பல்லியும் ஸ்ராட்டருக்குள் புகுந்து அதைப் பழுதாக்கும். மோட்டர் அதிர்வதால், அதன் பக்கத்துக்கு வளையும் குழாயே ஏற்றது.

இவ்வேலையைப் பயிற்சி பெற்ற மின்னிணைப்பாளரைக் கொண்டே, பிரதான சுவிச்சை நிறுத்தியபின் செய்விக்கவேண்டும். 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச்சும் பூட்டுவியுங்கள். மாதமொருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். சுவிச்சு விழாவிட்டால், அதை மாற்றும்வரை மோட்டரை இயக்கவேண்டாம்.