கடலைக் காண இவர்களுக்கு உரிமை இல்லையா?

சென்னை மெரினாவுக்கு ஏழையும் போகலாம், செல்வரும் போகலாம். கடல் யாரிடமும் கட்டணம் கேட்பதில்லை. ஆனால் சக்கர நாற்காலியில் வருபவர்? சாலையோரத்தில் நின்று அலையோசையைக் கேட்டுவிட்டுத் திரும்பவேண்டும். மணலில் சக்கரம் புதைந்துவிடும். பல ஆண்டுகள் இதுதான் நிலை!

2022 நவம்பரில் அந்த மணல்மீது மரப்பாதை போடப்பட்டது. 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம். செலவு 1 கோடியே 14 லட்ச ரூபாய். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சிதைத்தது. பழுதுபார்த்து மீண்டும் திறந்தார்கள். முடியாது என்று இருந்தது முடிந்தது.

சரி, கடலைக் கண்டாயிற்று. இரவு எங்கே தங்குவது? இங்கேதான் தோழர்களே, கதை மாறுகிறது. லாட்ஜ் வாசலில் மூன்று படி. உள்ளே லிப்ட் உண்டு; லிப்டுக்குப் போக இரண்டு படி! குளியலறைக் கதவோ குறுகல், நாற்காலி நுழையாது. "நாலு பேரைக் கூப்பிட்டுத் தூக்கி விடுகிறோம், சார்" என்பார் மேலாளர். அன்போடுதான் சொல்கிறார். ஆனால் மூட்டைபோலத் தூக்கப்படுவதை எந்த மனிதர் விரும்புவார்?

செலவு பெரிதாம்! கணக்குப் பார்ப்போம். அரையடி உயரத்தில் மூன்று படி என்றால் ஒன்றரை அடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். ஆக 18 அடி. ஒரு கொத்தனாருக்கும் இரண்டு சித்தாளுக்கும் சில நாள் வேலை. குளிர்சாதன அறை கட்டியவருக்கு இது பாரமா? ஸ்கூட்டர் ஏற்றுவதற்காகச் செங்குத்தாகப் பூசிவிட்டு, "சாய்தளம் இருக்கிறதே" என்பது ஏமாற்று. அதில் நாற்காலி ஏறாது, ஏறினால் கவிழும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியாரையும் கட்டுப்படுத்தும். மீறினால் முதல்முறை 10,000 ரூபாய் வரை அபராதம். மீண்டும் மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கலாகாது, கட்டாயமாக்கப்படவேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

2011 மக்கள்தொகைக் கணக்குப்படி நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். தமிழகத்தில் மட்டும் 11 லட்சத்துக்கு மேல். யார் இவர்கள்? சாரத்திலிருந்து விழுந்த கொத்தனார் உண்டு. இயந்திரத்தில் காலிழந்த ஆலைத் தொழிலாளி உண்டு. நம் வர்க்கத்தார்தாமே! நாளை முழங்கால் மடங்காத நம் தாயும் அந்த வாசலில்தான் நிற்பாள்.

ஆகவே, தோழர்களே! லாட்ஜில் வேலை பார்ப்பவர் சங்கத்தின் மூலம் முதலாளியிடம் கேட்கட்டும். கொத்தனார், அடித்தளம் போடும்போதே சாய்தளத்துக்கு இடம் விடச் சொல்லட்டும். ஆட்டோத் தோழர், சக்கர நாற்காலியைக் கண்டால் வண்டியை நிறுத்தட்டும். ஊர் பார்க்க வந்தவர் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. உள்ளே வர வழி கேட்கிறார்!