மலை கரைந்தால் எஞ்சுவது எது?

குற்றால மலையிலிருந்து இறங்கித் தென்காசியையும் வீரகேரளம்புதூரையும் கடந்து, சீவலப்பேரியில் பொருநையோடு கலக்கிறது சிற்றாறு. சாரல் ஓய்ந்து நீர் வற்றிய நாளில் அதன் மணலை ஒரு கை அள்ளி வெயிலில் பரப்பினால், வெளுப்பாக மின்னும் வெங்கச்சங்கல் பரல்களே மிகுதி. குவார்ட்சு என்பது அதுதான். ஆனால் மலைப்பாறையில் மிகுந்திருப்பது பெல்சுபார். ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தடிப் பெருவெப்பத்தில் வெந்து மீண்டும் படிகமான பாறை அது. வழியில் பெல்சுபார் என்ன ஆயிற்று?

குவார்ட்சில் ஒவ்வொரு சிலிக்கன் அணுவையும் நான்கு ஆக்சிசன் அணுக்கள் சூழ்கின்றன. ஒவ்வோர் ஆக்சிசனும் இரு சிலிக்கன்களுக்குப் பொது. எதிர்மின்னிகளைப் பங்கிட்டுக்கொள்ளும் இப்பிணைப்பு முத்திசையிலும் இடையறாது செல்கிறது. எளிதில் பிளந்துகொடுக்கும் தளம் ஏதும் அதற்கில்லை. மோசு அளவையில் அதன் கடினம் 7; எஃகுக் கத்தியால் அதைக் கீற இயலாது.

பெல்சுபாரும் இதே வலைதான். ஆயின் சிலிக்கன் இருக்க வேண்டிய சில இடங்களில் அலுமினியம் அமர்ந்துவிடுகிறது. அதனால் மின்னூட்டத்தில் ஒன்று குறைய, அதை ஈடுசெய்யப் பொட்டாசியமோ சோடியமோ கால்சியமோ வலையின் இடுக்கில் குடியேறுகிறது. அதைப் பிடித்துவைத்திருப்பது மின்னீர்ப்பு மட்டுமே. கோட்டைக்கு அதுவே திட்டிவாசல். கரிவளி கரைந்து மென்காடியான மழைநீர் அவ்வழியே நுழைந்து சோடியத்தைக் கவர்ந்து செல்கிறது. எஞ்சிய வலை குலைந்து களிமண்ணாகிறது. குளத்து வண்டலாக வந்து நெல்லை வளர்ப்பது அந்தக் களிமண்தான்.

காக்காப்பொன்னின் கதை வேறு. நகத்தால் நெருடினாலே ஏடு ஏடாக உரியும். ஏட்டுக்குள் பிணைப்பு வலியது. ஏடுகளுக்கிடையே பொட்டாசியத்தின் தளர்ந்த பிடி. இவ்வகைப் படிகங்களுள் உச்சம் கிராபைட்டு. அதன் ஏட்டில் அடுத்தடுத்த கரிம அணுக்களின் இடைவெளி 1.42 ஆங்சுட்ராம், ஏடுகளின் இடைவெளியோ 3.35. தாளில் பென்சில் கோடு விழுவது இந்த வேறுபாட்டினால்தான்.

இதே மலைத்தொடரின் அடிவாரத்தில், வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன் இத்திசை வேறுபாட்டைக் காந்தத்தால் அளந்தார். இயற்பியலாளர் சி. வி. இராமனின் துணைவர் என்ற அளவில் நாம் அவரை நிறுத்திக்கொள்வது முறையன்று. உருக்கி இழுத்த குவார்ட்சு இழையில் ஒரு சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, காந்தப்புலத்தில் அது எவ்வளவு திரும்புகிறது என்று பார்ப்பது அவர் கைக்கொண்ட முறை. கிராபைட்டின் காந்த எதிர்ப்பு, ஏடுகளுக்குச் செங்குத்தான திசையில் பல மடங்கு மிகுந்திருந்தது. ஏட்டின் பரப்பில் எதிர்மின்னிகள் தடையின்றி உலவுவதே அதற்குக் காரணம். கல் ஒன்று, பண்போ திசைக்கொன்று.

செம்பில் எதிர்மின்னிகள் எத்திசையிலும் உலவும். அதனால் சம்மட்டி அடியில் அணு அடுக்குகள் வழுக்கி நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை; தகடு நீள்கிறது. உப்புக்கல்லை அடித்தால் சிதறும். அதில் நேர்மின், எதிர்மின் அணுக்கள் மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன. ஓர் அடுக்கு சற்றே நகர்ந்தால் ஒத்த மின்னூட்டங்கள் நேருக்கு நேர் வந்து ஒன்றையொன்று தள்ளிவிடுகின்றன. படிகம் செம்மையான சதுர முகங்களோடு பிளக்கிறது.

இந்த உப்பை உருக்க 801 பாகை செல்சியசு வேண்டும். நீருக்கு அத்தனை வெப்பம் வேண்டியதில்லை. நீர்மூலக்கூறுகள் ஒவ்வொரு மின்னூட்ட அணுவையும் சூழ்ந்து கொத்தாகப் பெயர்த்துச் செல்கின்றன. மலையில் விடுபட்ட சோடியம் ஆற்றில் எங்கும் தங்காமல் மன்னார்க் கடல்வரை போவது இவ்வாறே. தூத்துக்குடிப் பாத்திகளில் வெயில் அந்த நீரை விலக்கும்போது அது குளோரினோடு அடுக்காகிப் படிகிறது. வாரிக் குவித்த அம்பாரங்கள் முதல் மழையிலேயே கரையத் தொடங்கும் என்பதால், ஐப்பசி நெருங்கும் முன்பே உப்பளத்தார் அவற்றை ஓலையால் மூடிவிடுகிறார்கள்.