உயர் வகுப்புப் பிள்ளையும் பாடசாலை ஒழுங்கும்

ஊரையும் வயலையும் விட்டு வந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பு பெரும் முதல். வீடும் மாடும் விதைநெல்லும் கைவிட்டுப் போனாலும் படித்த படிப்பு போகாது. 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது, மரநிழலிலும் ஓலைக் கொட்டிலிலும் வகுப்புகளை நடத்தியதும் இதை உணர்ந்துதான்.

ஆயினும் தரம் 9, 10, 11 என்று வரும்போது பிள்ளைகள் இடைவிலகுவதை நாம் காண்கிறோம். காரணம் கேட்டால், “அருவிவெட்டுக்கு ஆள் இல்லை”, “சப்பாத்து இல்லை”, “வாத்தியார் ஏசிவிட்டார்” என்ற பதில்களே வருகின்றன. ஆகவே, பாடசாலை பிள்ளையிடம் எதை எதிர்பார்க்கலாம், எதைச் செய்யக் கூடாது என்பதைப் பெற்றோர் அறிந்திருப்பது நல்லது.

வரவு

5 வயது முதல் 16 வயது வரை பிள்ளை கட்டாயம் கல்வி பெற வேண்டும் என்பது நாட்டின் சட்டம். முன்பு 14 ஆக இருந்த மேல் எல்லை 2016ஆம் ஆண்டில் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே தரம் 9உடன் மறித்து வேலைக்கு விடுவது சட்டத்துக்கும் மாறானது.

க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்குப் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 சதவீத வரவு வேண்டும். ஆண்டில் 200 நாள் பாடசாலை நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், 40 நாளுக்கு மேல் தவறக் கூடாது. காலபோக அருவிவெட்டுக்கு மூன்று வாரம், சூடடிப்புக்கு ஒரு வாரம், காய்ச்சலுக்கு ஒரு வாரம் என்று மறித்தால் 25 பாடசாலை நாள் போய்விடும். எஞ்சுவது 15 நாள்தான். கூலிக்கு ஆள் பிடிக்கப் பணமில்லை என்பது எமக்குத் தெரியும். அயலவர் சேர்ந்து ஒருவர் வயலில் ஒருவர் மாறி மாறி வெட்டும் பழைய முறையை இதற்காகவேனும் மீண்டும் தொடங்கலாம். சனி, ஞாயிறு நாட்களில் பிள்ளை கைகொடுப்பதில் குற்றமில்லை.

படிப்பு

சாதாரண தரத்தில் பிள்ளை 9 பாடங்களுக்குத் தோற்றுகிறது. சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆகிய ஆறும் எல்லோருக்கும் உரியவை. மற்ற மூன்றும் தெரிவுப் பாடங்கள். 35 புள்ளி பெற்றால் சாதாரண சித்தி. 50 பெற்றால் திறமைச் சித்தி. உயர்தரத்துக்குச் செல்லப் பொதுவாக 6 பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் தாய்மொழியும் கணிதமும் அடங்க வேண்டும். மூன்றேனும் திறமைச் சித்தியாக இருக்க வேண்டும். எனவே தவணைத் தேர்ச்சி அறிக்கை வரும்போது கையொப்பம் மட்டும் இட்டுக் கொடுத்துவிடாதீர்கள். எழுத்து வாசிக்கத் தெரியாத பெற்றோரும் கணிதத்துக்கு 35க்கு மேலா கீழா என்று கேட்டறியலாம்.

பரீட்சையில் தவறினால் படிப்பு முடிந்தது என்று எண்ண வேண்டாம். மீண்டும் தோற்றலாம். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் தொழிற்கல்வியோடு 13 ஆண்டுகள் படிக்கும் திட்டம் 2017ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அருகில் எந்தப் பாடசாலையில் அது உண்டு என்பதை வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள்.

ஒழுக்கம்

நேரத்துக்கு வருதல், சீருடை, ஒழுங்காக வெட்டிய தலைமயிர், கைத்தொலைபேசி கொண்டுவராமை, பரீட்சையில் பார்த்து எழுதாமை, பாடசாலைப் பொருளைச் சேதப்படுத்தாமை: இவற்றைப் பாடசாலை கேட்பது நியாயமே. எல்லோரும் ஒரே வெள்ளை உடுப்பில் வந்தால், காணி உள்ளவன் பிள்ளைக்கும் கொட்டிலில் இருப்பவன் பிள்ளைக்கும் வேற்றுமை தெரியாது. பாடநூல்கள் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதும் ஏழைப் பிள்ளை பின்வாங்கக் கூடாது என்பதற்காகத்தான்.

சப்பாத்தோ பணமோ இல்லாவிட்டால் பிள்ளையை வீட்டில் மறிக்க வேண்டாம். நீங்களே அதிபரிடம் சென்று நிலைமையைச் சொல்லுங்கள். பிள்ளை தனியே சென்று சொல்லக் கூசும். கூசிய பிள்ளை மறுநாள் போகாது.

தண்டனை

“கண்ணை விட்டுவிட்டு மற்றதெல்லாம் அடியுங்கள்” என்று வாத்தியாரிடம் ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. இன்று அதற்கு இடமில்லை. பாடசாலையில் உடல்சார்ந்த தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விடுத்தது. ஆசிரியர் அறைந்ததால் மாணவர் ஒருவரின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என 2021ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இடம்பெயர்வையும் இழப்பையும் கண்ட பிள்ளை அடியால் திருந்துவதில்லை, ஒதுங்கிப் போகிறது. வீட்டிலும் இதை நினைவிற் கொள்வோம்.

பெற்றோர் செய்யக்கூடியவை

1. பிறப்புச் சான்றிதழ், விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கைகள் ஆகியவற்றைப் பொலித்தீன் உறையில் இட்டு, எடுத்துச் செல்லக்கூடிய பையில் வையுங்கள். பிரதிகளை வேறோர் இடத்தில் வையுங்கள்.

2. பிள்ளைக்கு 15 வயதானதும் தேசிய அடையாள அட்டைக்குப் பாடசாலை மூலம் விண்ணப்பியுங்கள். பரீட்சை மண்டபத்தில் அது வேண்டும்.

3. நோயால் தவறினால் மருத்துவச் சான்றிதழைக் காலதாமதமின்றிக் கொடுங்கள்.

4. பெற்றோர் கூட்டத்துக்கு ஒருவரேனும் செல்லுங்கள். குறை இருந்தால் முதலில் வகுப்பாசிரியரிடமும், பின் அதிபரிடமும், தீராவிட்டால் வலயக் கல்விப் பணிப்பாளரிடமும் எழுத்தில் கொடுங்கள்.

5. இரவில் ஒரு மணி நேரமேனும் பிள்ளைக்கு விளக்கும் அமைதியும் கொடுங்கள்.

வரம்பு இல்லாத வயலில் தண்ணீர் நில்லாது. ஆனால் வரம்பு பயிருக்காகவே கட்டப்படுகிறது. பாடசாலை ஒழுங்கும் அவ்வாறே. அது பிள்ளையை வகுப்பில் வைத்திருக்க உதவ வேண்டும். உதவாத இடத்தில் பெற்றோரும் ஆசிரியரும் ஒன்றாய் இருந்து பேசித் திருத்திக்கொள்வோம்.