ஒரு ‘பீப்’ சொல்லும் கணக்கு

1974 ஜூன் 26. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் என்ற ஊர். அங்கிருந்த மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் 67 சென்ட் விலையுள்ள ஒரு ரிக்ளி சூயிங்கம் கட்டு, பில் போடும் மேசையைக் கடந்தது. இன்று பொருள்களில் காணும் யுபிசி (UPC) வகைப் பார்கோடு படித்துக் கடையில் விற்கப்பட்ட முதல் பொருள் அதுதான்.

அந்தக் கோடுகளுக்குள் விலை இல்லை. வெறும் 12 இலக்கங்கள்தான். அவற்றிலும் கடைசி இலக்கம், மற்ற பதினொன்றும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிக்கும் காவலாளி. விலை கடையின் கணினியில் இருக்கிறது. என்ன பொருள், எத்தனை, எந்த நேரம், என்ன விலை என்று ஒவ்வொரு ‘பீப்’பும் அங்கே ஒரு குறிப்பு எழுதுகிறது.

இந்தக் குறிப்பு தீர்த்துவைத்தது ஒரு பழைய தலைவலியை. கடைக்காரர் விலையைக் குறைத்து விற்கட்டும் என்று உற்பத்தியாளர் அவருக்குத் தரும் தள்ளுபடிக்கு வணிகச் சலுகை என்று பெயர். கடைக்காரரோ சலுகை விலையில் மாதக்கணக்குக்குச் சரக்கு வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிடுவார். சலுகை முடிந்தபின் முழு விலைக்கு விற்பார். ஆலையில் ஒரு மாதம் இரவுபகலாக வேலை, அடுத்த மாதம் இயந்திரங்களுக்கு ஓய்வு. வாடிக்கையாளர் கைக்குப் போன தள்ளுபடி எவ்வளவு? யாருக்கும் தெரியாது.

தீர்வு எளிமையானது: வாங்கியதற்கு அல்ல, ‘பீப்’ ஒலித்ததற்கே பணம். ஒரு சூப் டப்பாவுக்கு 20 சென்ட் சலுகை என்று வைத்துக்கொள்வோம். கடை 1,000 டப்பா வாங்குகிறது. சலுகை வாரத்தில் 300 விற்கிறது. பழைய முறையில் உற்பத்தியாளருக்கு 200 டாலர் செலவு. புதிய முறையில் 60 டாலர்தான்.

ஆனால் அந்த 300 டப்பாவும் சலுகையால் விற்றவையா? சலுகை இல்லாத வாரங்களையும் சலுகை தராத கடைகளையும் வைத்து, எப்படியும் விற்றிருக்கும் அளவைக் கணிக்கிறார்கள். இதுதான் அடிப்படை விற்பனை. அது 100 என்றால் கூடுதல் விற்பனை 200.

அதிலும் கழிவு உண்டு. மலிவாகக் கிடைத்ததென்று வீட்டில் வாங்கி அடுக்கியவர்கள் அடுத்த வாரங்களில் கடைப்பக்கம் வரவில்லை, 80 குறைந்தது. அதே நிறுவனத்தின் தக்காளி சூப்பை விட்டு இதற்குத் தாவியவர்களால் இன்னொரு 40 போயிற்று. மிஞ்சிய மெய்யான ஆதாயம் 80 டப்பா. அவற்றுக்காக 60 டாலர்! டப்பாவுக்கு 20 சென்ட் கொடுத்ததாக நினைத்தவர், உண்மையில் கொடுத்தது 75 சென்ட்.

மாகித் ஆபிரகாம், லியோனார்ட் லோடிஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இத்தகைய கணக்கைப் போட்டுப் பார்த்து, 1990-இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூ இதழில் முடிவை எழுதினார்கள். அவர்கள் ஆராய்ந்த வணிகச் சலுகைகளில் லாபம் தந்தவை 100-க்கு 16 மட்டுமே.